மழையிலும் தண்ணீர் விடும் தோட்டம்: முர்சியாவின் உப்புக் கணக்கு

உவர்நீரில் சொட்டுநீர்ப் பாசனம் செய்கிறவர்களிடம், கேட்பவர் சிரிக்கும்படியான ஒரு விதி உண்டு. நீண்ட வறட்சிக்குப் பிறகு முதல் தூறல் விழும்போது வால்வை மூடக் கூடாது, திறந்துவிட வேண்டும். வானமே இலவசமாகக் கொடுக்கும்போது மோட்டாரை எதற்கு ஓட்டுவது என்று கேட்கத் தோன்றும். மரத்தடியில் குத்துக்காலிட்டு டிரிப்பரைச் சுற்றிப் பார்த்தால் காரணம் தெரியும். சொட்டு விழும் இடத்தில் மண் கறுத்து ஈரமாக இருக்கிறது. அதிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஈரம் முடிந்து காய்ந்த மண் தொடங்கும் ஓரத்தில், சுண்ணாம்புக் கோடு போட்டதுபோல் ஒரு வெள்ளை வளையம். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தால் கரிக்கும். கோடை முழுவதும் தண்ணீரோடு வந்த உப்பு, ஈரத்தின் விளிம்பு வரை தள்ளப்பட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறது. சிறு தூறல் அந்த வளையத்தைக் கரைக்கும்; ஆனால் ஆழத்துக்கு இறக்காது. கரைந்த உப்பு பக்கவாட்டில் நகர்ந்து நேராக வேருக்கு வரும். வால்வு திறந்திருந்தால் உள்ளிருந்து வெளியே ஓடும் நீர் அதைத் தடுத்து நிறுத்தும். மழை கனத்து, உப்பு ஆழத்துக்கு இறங்கும்வரை இந்தக் காவல் தேவை.

பாசன நீரின் தரமும் அளவும் பழத்தை என்ன செய்கின்றன என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு தனித்தனிப் பதில்கள் வரும். உவர்நீர் கெடுதல், குறைத்து விட்டால் சிக்கனம். இரண்டும் ஒரே மரத்தடியில் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அதைப் பல ஆண்டுகள் உட்கார்ந்து அளந்த ஒரு தோட்டம் ஸ்பெயினின் தென்கிழக்கில் இருக்கிறது.

தோட்டமும் இரண்டு குழாய்களும்

முர்சியாவில் ஆண்டு மழை ஏறக்குறைய 300 மில்லிமீட்டர். நாம் வறட்சிக்கு உதாரணம் காட்டும் ராமநாதபுரம்கூட அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நனைகிறது. அந்த 300 மில்லிமீட்டரும் சீராகப் பெய்வதில்லை. இலையுதிர்காலத்தில் ஓரிரு நாள் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். ஆனாலும் ஐரோப்பாவின் எலுமிச்சைக் கூடை இதுதான். செகுரா ஆற்றின் வாய்க்கால் வலை அரபியர் காலத்தது. வாய்க்கால் தகராறுகளை விவசாயிகளே வாய்மொழியாக விசாரித்துத் தீர்க்கும் முர்சியாவின் நீர்மன்றத்தை, வலென்சியாவின் மன்றத்தோடு சேர்த்து 2009-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏற்றியது.

ஆற்றில் தண்ணீர் போதாமல் 1979-இல் வந்தது தாஹோ–செகுரா கால்வாய். நாட்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தூரம் நீரைக் கொண்டுவரும் திட்டம். நல்ல தண்ணீர், ஆனால் நிச்சயமில்லாத தண்ணீர். மேல்நாட்டு அணைகளில் இருப்பு குறைந்தால் பங்கும் குறையும். தாஹோ ஆற்றில் கட்டாயம் ஓட வேண்டிய நீரின் அளவை உயர்த்தும் திட்டம் 2023-இல் வந்தபோது முர்சியா விவசாயிகள் கொதித்ததை, காவிரிக் கரையில் இருக்கும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு குழாய் ஊர்க் கழிவுநீருடையது. முர்சியா தன் கழிவுநீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துகிறது. அணை வறண்டாலும் ஊர் குளிப்பதை நிறுத்தாது; ஆகவே இந்தக் குழாய் வற்றாது. ஆனால் வீடும் ஆலையும் தொட்ட தண்ணீர் எங்கேயும் உள்ளே போனதைவிட உப்போடுதான் வெளியே வரும். சுத்திகரிப்பு நிலையம் அழுக்கை எடுக்கும், கிருமியைக் கொல்லும். கரைந்த உப்பைச் சாதாரண முறைகள் தொடுவதே இல்லை.

மொலினா டி செகுரா ஊரை அடுத்த காம்போத்தேஹார் பகுதியில் ஒரு தனியார் தோட்டத்தில் இந்த இரண்டு குழாய்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். செய்தவர்கள் ஸ்பெயின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் முர்சியா மையமான செபாஸ் ஆராய்ச்சியாளர்கள். 2000-களின் பிற்பகுதியில் தொடங்கிப் பல பருவங்கள் நீண்ட வேலை. மரங்கள் இரண்டு வகை. ஒன்று, ஸ்டார் ரூபி என்ற சிவப்புச் சதை கிரேப்புரூட். டெக்சாஸில் விதையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திப் பெற்று 1970-இல் வெளியிட்ட ரகம். கிரேப்புரூட் என்பது நம் பம்ளிமாஸுக்கும் சாத்துக்குடி இனத்துக்கும் பிறந்த பிள்ளை. மற்றொன்று, ஒரோகிராண்டே என்ற கிளெமன்டைன். விதையில்லாத சிறு கமலா என்று வைத்துக்கொள்ளலாம்.

நீரில் எவ்வளவு உப்பு என்பதை அதன் மின்கடத்துத்திறனை வைத்து அளக்கிறார்கள்; உப்பு கூடினால் எண்ணும் கூடும். கால்வாய் நீரின் மின்கடத்துத்திறன் மீட்டருக்குச் சுமார் 1 டெசிசீமன்ஸ். கழிவுநீர்க் குழாயில் வந்தது 3-ஐ ஒட்டி, சில சமயம் அதற்கும் மேலே. கூடவே குளோரைடு, சோடியம், போரான். ஒவ்வொரு நீரிலும் இரண்டு வரிசைகள்: ஒன்றுக்கு மரத்தின் தேவை முழுவதும், மற்றொன்றுக்குக் காய் பருக்கும் இரண்டாம் கட்டத்தில் மட்டும் தேவையில் பாதி. ஆக, நான்கு விதமான மரங்கள். நல்ல நீர் முழுதாய், நல்ல நீர் பாதியாய், உவர்நீர் முழுதாய், உவர்நீர் பாதியாய்.

காய் எப்போது தாகம் பொறுக்கும்

பாதியைக் கொடுத்தது ஆண்டு முழுவதும் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். எலுமிச்சை இனக் காய் மூன்று கட்டமாக வளர்கிறது. பூத்ததிலிருந்து முதல் சில வாரங்கள் செல்கள் பெருகும் காலம். காய் கோலிக்குண்டு அளவுதான் இருக்கும், ஆனால் அது எவ்வளவு பெரிதாகலாம் என்ற உச்சவரம்பு அப்போதே எழுதப்பட்டுவிடும். இந்தக் கட்டத்தில் தாகம் வந்தால் மரம் யோசிக்காது, பிஞ்சைக் கொட்டிவிடும். கடைசிக் கட்டம் பழுக்கும் காலம். இடையில் இருப்பதுதான் செல்கள் நீர் குடித்து ஊதும் இரண்டாம் கட்டம். முர்சியாவில் அது வெயில் கொளுத்தும் கோடை.

கடும் கோடையில் போயா தண்ணீரைக் குறைப்பார்கள் என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம். பிஞ்சு உதிர்வு முடிந்துவிட்டது. தங்கிய காய் இனி லேசில் விழாது. இந்த நேரத்தில் அளவாகத் தாகம் கொடுத்தால் காய் சற்றுப் பின்தங்கும். பிறகு முழுத் தண்ணீர் கிடைத்ததும் வேகமெடுத்து விட்டதைப் பிடித்துவிடும். நீர் அதிகம் செலவாகும் மாதமும் இதுதான் என்பதால் மிச்சமும் கணிசம். வலென்சியாவில் கிளெமன்டைன் மரங்களில் 1990-களிலேயே இதைக் காட்டிவிட்டார்கள்: ஜூலை, ஆகஸ்டில் அளவோடு குறைத்தால் மகசூல் பெரிதாகக் குறைவதில்லை, பூப்பிலும் பிஞ்சிலும் குறைத்தால் அடி.

ஆனால் அந்தப் பாடம் முழுவதும் நல்ல தண்ணீரில் படித்தது. "பிறகு வேகமெடுத்துப் பிடித்துவிடும்" என்ற வாக்கியத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: திரும்பக் கிடைக்கும் தண்ணீர், மரத்தால் எடுக்கக்கூடிய தண்ணீராக இருக்க வேண்டும்.

நண்பகலில் ஒரு இலை

மரத்துக்குத் தாகமா என்று எப்படித் தெரியும்? மண்ணைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது நல்ல நீரில் ஓரளவு பலிக்கும். உவர்நீரில் ஏமாற்றும். ஆய்வாளர்கள் செய்வது இது. நிழலில் இருக்கும் முற்றிய இலை ஒன்றை, மரத்தில் இருக்கும்போதே, வெள்ளித்தாள் ஒட்டிய பைக்குள் போட்டு மூடி, ஒன்று இரண்டு மணி நேரம் விட்டுவிடுவார்கள். இலை மூச்சுவிட முடியாமல் கிளையின் நிலைக்கு வந்துவிடும். நண்பகலில் காம்போடு வெட்டி, கனத்த எஃகுக் கலனுக்குள் இலையை வைத்து, வெட்டிய காம்பு மட்டும் ரப்பர் அடைப்பின் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு இறுக்குவார்கள். பிறகு நைட்ரஜன் வாயுவை மெல்லச் செலுத்த வேண்டும். ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் காம்பின் வெட்டுமுகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். உலர்ந்து மங்கலாக இருக்கும் அந்தப் பச்சை வட்டம் ஒரு நொடியில் பளபளக்கும். சாறு திரும்ப எட்டிப் பார்க்கிறது. அந்த நொடியின் அழுத்தம்தான், மரம் தண்ணீரை எவ்வளவு இழுத்துப் பிடித்திருக்கிறது என்பதன் அளவு.

நன்றாகத் தண்ணீர் கண்ட மரத்தில் கோடை நண்பகலில் இது ஒரு மெகாபாஸ்கலுக்கு உள்ளே நிற்கும். ஒன்றரையைத் தாண்டினால் மரம் தவிக்கிறது என்று பொருள். உவர்நீர் மரத்தில் வேடிக்கை என்னவென்றால், காலடியில் மண் சொதசொதவென்று இருந்தாலும் எண் ஏறலாம். உப்பு, தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. வேர் அதோடு கயிறிழுப்புப் போட்டுத்தான் ஒவ்வொரு மிடறையும் எடுக்க வேண்டும். மண் காயக் காய எஞ்சிய நீரில் உப்பு கெட்டிப்படுகிறது. மண் ஈரம் பாதியானால் உப்பின் செறிவு இரட்டிப்பு. ஆகவே நான்காவது வரிசை மரங்களுக்குத் தாகம் இரண்டு வாசல் வழியாக வந்தது: தண்ணீர் இல்லாததால் ஒன்று, இருக்கும் தண்ணீர் எட்டாததால் இன்னொன்று.

உப்பின் எடை

இங்கே ஒரு மறுப்பு எழும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தண்ணீரைப் பாதியாக்கினால் அதோடு வரும் உப்பும் பாதியாகிவிடுமே, பிறகென்ன?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு டெசிசீமன்ஸ் என்பது தோராயமாக லிட்டருக்கு 640 மில்லிகிராம் உப்பு. ஒரு எக்டேருக்கு ஆண்டுக்கு 5,000 கன மீட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால், கால்வாய் நீர் கொண்டுவருவது சுமார் 3.2 டன் உப்பு. கழிவுநீர் 3 டெசிசீமன்ஸில் கொண்டுவருவது சுமார் 9.6 டன், ஒரு லாரிச் சுமை. மரம் குடிப்பது நீரை. உப்பில் மிகச் சிறு பங்கையே உள்ளே விடுகிறது. மீதி வேரடியிலேயே தங்கும். அதைக் கீழே இறக்க ஒரே வழி, மரத்தின் தேவைக்கும் மேலே கொஞ்சம் நீர் விட்டு மண்ணைக் கழுவுவது.

எவ்வளவு மேலே? ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. கிரேப்புரூட் தாங்கும் மண் உப்பு 1.8 டெசிசீமன்ஸ். 1 டெசிசீமன்ஸ் நீரில் அந்த அளவுக்குள் நிறுத்த, விடும் நீரில் எட்டில் ஒரு பங்கு வேரைக் கடந்து கீழே போக வேண்டும். 3 டெசிசீமன்ஸ் நீரில்? பாதி. விட்ட தண்ணீரில் சரிபாதி கழுவ மட்டுமே போக வேண்டும். அடிக்கடி நனையும் சொட்டுநீரில் இவ்வளவு தேவைப்படாது என்று அதே நூல்கள் சொல்லும். இருந்தாலும் திசை தெளிவு. உவர்நீருக்குத் தேவை கூடுதல் நீர். குறைபாசனம் செய்வதோ நேர் எதிர். மறுப்புக்கு விடை இதுதான்: பாதி நீர் பாதி உப்பைத்தான் கொண்டுவருகிறது, ஆனால் கழுவ ஒரு சொட்டும் மிச்சம் வைப்பதில்லை. முழு நீர் கொண்டுவந்த உப்பில் ஒரு பங்கு கீழே இறங்கும். பாதி நீர் கொண்டுவந்தது மொத்தமும் வேரடியில் தங்கும்.

காம்போத்தேஹாரில் நடந்தது இதன்படியே. உவர்நீர் வரிசைகளில் கோடை முழுவதும் மண்ணில் உப்பு ஏறியது. பாதி நீர் விட்ட வரிசையில் நிலைமை இன்னும் மோசம். நல்ல நீரைப் பாதியாக்கிய மரங்கள் ஓரளவு சமாளித்தன. உவர்நீரை முழுதாகக் குடித்த மரங்களும் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. இரண்டும் சேர்ந்த வரிசையில்தான் வளர்ச்சியும் மகசூலும் அடி வாங்கின.

உவர்நீர் முழுதாய்க் குடித்தவை தாக்குப்பிடித்ததே ஒரு செய்திதான். உணவு, வேளாண் அமைப்பின் அட்டவணையைப் பிடித்துக்கொண்டால் 3.3 டெசிசீமன்ஸ் பாசன நீரில் கிரேப்புரூட் மகசூல் பாதியாக வேண்டும். ஆகவில்லை. அட்டவணை பொய் என்று பொருளல்ல; அது ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் கழுவப்படும் மண்ணுக்கு எழுதியது. இங்கே மூன்று பேர் காப்பாற்றினார்கள்: மண்ணைக் காயவிடாத சொட்டுநீர், இலையுதிர்கால மழை, பிறகு வேர். மழை வந்த பிறகு மண் உப்பு இறங்கியது. அந்த மழை பொய்த்த ஆண்டில் முந்தைய ஆண்டின் பாக்கியும் சேர்ந்து வரும். கடன் வாங்கியவனுக்கு வட்டி நினைவு வராத மாதம்போல, இரண்டு மூன்று பருவம் ஒன்றும் தெரியாது. மரம் தன் கையிருப்பில் ஓட்டும். இரண்டு ஆண்டுச் சோதனையை வைத்து "உவர்நீரால் பாதிப்பில்லை" என்று எழுதும் அறிக்கைகளை நான் நம்பாததற்குக் காரணம் இதுவே.

இரண்டு விதமான இனிப்பு

பழத்துக்கு வருவோம். தாகப்பட்ட மரத்தின் பழம் இனிக்கும் என்பது எல்லாத் தோட்டக்காரருக்கும் தெரியும். ஒரு துளிச் சாற்றை, இனிப்பை அளக்கும் பிரிக்ஸ்மானியின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே கோடு விழும் இடம் அதிகமாய்க் காட்டும். வியாபாரி மகிழ்வார். ஆனால் அந்தக் கோடு ஒரு விஷயத்தைச் சொல்லாது: சர்க்கரை கூடியதா, தண்ணீர் குறைந்ததா?

ஒரு கணக்கு. நன்றாகத் தண்ணீர் கண்ட பழம் 100 கிராம், 50 கிராம் சாறு, பிரிக்ஸ் 11, அதாவது நூறு கிராம் சாற்றில் 11 கிராம் கரைபொருள். சர்க்கரையும் மற்ற கரைபொருளும் சேர்த்து 5.5 கிராம். தாகப்பட்ட பழம் 80 கிராம்; 38 கிராம் சாறு; பிரிக்ஸ் 13. மொத்தம் 4.9 கிராம். நாக்குக்கு இரண்டாவது இனிப்பு. மரம் பழத்துக்குக் கொடுத்ததோ குறைவு. இது பால் சுண்டி இனிப்பது போன்ற இனிப்பு. இன்னொரு வகையும் உண்டு: தாகம் அளவோடு இருந்தால் பழச் செல்கள் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தாமே சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளும். அப்போது மொத்தமும் கூடும். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழ எடையையும் சாற்று எடையையும் பிரிக்ஸோடு சேர்த்து எழுத வேண்டும். பிரிக்ஸ் மட்டும் இருக்கும் அறிக்கை பாதி அறிக்கை.

கூடவே புளிப்பும் ஏறுகிறது. இனிப்பை மட்டும் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். பழம் பறிப்புக்குத் தயாரா என்று பார்ப்பது இனிப்புக்கும் புளிப்புக்குமான விகிதத்தை வைத்து. இரண்டும் ஒன்றாக ஏறினால் விகிதம் அசையாது. சுவை அழுத்தமாகும், பறிப்பு முந்தாது.

சந்தையோ சுவையைப் பார்ப்பதற்கு முன் விட்டத்தைப் பார்க்கிறது. ஐரோப்பிய விற்பனை விதிகளில் கிளெமன்டைனுக்குக் குறைந்தபட்சம் 35 மில்லிமீட்டர், கிரேப்புரூட்டுக்கு 70. கிளெமன்டைனில் சாறு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். இவை வெறும் வாசல்படி. உள்ளே ஒவ்வொரு அளவுக்கும் ஒரு விலை. சற்றே சிறுத்த பழம் கெட்டுப்போனது அல்ல; ஒரு பெட்டி கீழே இறங்கியது. வீணானது போலத் தெரியாத நஷ்டம் இது.

கழிவுநீரில் இன்னொரு விருந்தாளி நைட்ரஜன். பாஸ்பரஸும் பொட்டாஷும் சேர்ந்து வருவதால் உரச் செலவு குறையும். இது உண்மையான லாபம். ஆனால் உர மூட்டையை வேண்டாத மாதத்தில் மூடி வைக்கலாம். குழாயில் கரைந்து வரும் நைட்ரஜனை மூட முடியாது. பழுக்கும் நேரத்தில் நைட்ரஜன் மிகுந்தால் தோல் தடிக்கும், சொரசொரக்கும், நிறம் ஏறத் தாமதமாகும். பாசன நீரை ஆய்வுக்கு அனுப்பி, உரக் கணக்கில் அதைக் கழிக்காத தோட்டத்தில் லாபம் நஷ்டமாக மாறும்.

வேரில் இருக்கிறது வித்தியாசம்

காம்போத்தேஹாரின் இரண்டு மரங்களுக்கும் வேறு வேறு வேர்ச்செடி. ஒட்டுக்கட்டிய மரத்தில் பழம் ஒரு ரகம், வேர் இன்னொரு ரகம் என்பது தெரிந்ததே. கிரேப்புரூட் நின்றது மேக்ரோபில்லா வேரில். பிலிப்பைன்ஸைப் பூர்வீகமாகக் கொண்ட இந்த வேர் உப்பையும் போரானையும் ஓரளவு தாங்கும். முர்சியாவின் எலுமிச்சைத் தோட்டங்கள் இதை நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். கிளெமன்டைன் நின்றது கரிசோ வேரில். பல நல்ல குணங்கள் கொண்ட வேர். ஆனால் குளோரைடைத் தடுக்கத் தெரியாத வாயிற்காவலன். கிளியோபாத்ரா மாண்டரின், ரங்பூர் எலுமிச்சை போன்ற வேர்கள் குளோரைடை வாசலிலேயே நிறுத்துகின்றன.

இலையில் இது படிக்கக் கிடைக்கிறது. குளோரைடு ஏறினால் நுனி கருகி வெண்கல நிறமாகி, இலை சீக்கிரம் விழும். போரான் ஏறினால் முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் மஞ்சளித்துப் புள்ளியிட்டு, பின்பு அடிப்பக்கத்தில் பிசின் போன்ற பழுப்புத் திட்டுகள் தோன்றும். எலுமிச்சை இனத்தில் போரான் நீரோடு ஏறி, நீர் ஆவியாகும் இலை நுனியில் தங்கிவிடுகிறது, திரும்பி இறங்காது. பழத்தை எவ்வளவு சோதித்தாலும் போரான் கதை தெரியாது. பழைய இலையின் நுனியைப் பார்க்க வேண்டும். தாங்கும் அளவும் சிறிது: எலுமிச்சைக்குப் பாசன நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம், ஆரஞ்சுக்கும் கிரேப்புரூட்டுக்கும் முக்கால் வரை. கடல்நீரில் இது நாலரை மில்லிகிராமுக்கு மேல். உப்பு நீக்கும் சவ்வு சோடியத்தைப் பிடிக்கும் அளவுக்குப் போரானைப் பிடிப்பதில்லை. முர்சியா விவசாயிகளுக்கு மூன்றாவது குழாயாக வந்திருக்கும் தொர்ரெவியேஹா கடல்நீர் ஆலையின் தண்ணீரையும் ஆகவே ஆராயாமல் வாங்கக் கூடாது. மின்கடத்துத்திறன் காட்டும் கருவிக்குப் போரான் கண்ணில் படாது.

கழுவிய உப்பு எங்கே போகிறது

மண்ணைக் கழுவ வேண்டும் என்று எளிதாக எழுதிவிட்டேன். கழுவியது போய்ச் சேரும் இடம் ஒன்று உண்டு. அதே முர்சியாவில், கார்த்தஹேனா சமவெளியின் தோட்டங்கள் கசியவிட்ட நைட்ரேட் மார் மெனோர் என்ற கடற்கழியில் பாசியாகப் பெருகியது. 2019-இலும் 2021-இலும் மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கரையில் செத்து ஒதுங்கின. 2022-இல் அந்தக் கழிக்குச் சட்டப்படி ஒரு நபரின் உரிமையையே கொடுத்தார்கள். காம்போத்தேஹார் அந்தச் சமவெளியில் இல்லை. எனினும் உவர்நீரில் கழுவுதல் என்பது உப்பை இடம் மாற்றுவது மட்டுமே என்பதை அங்கே போய்ப் பார்க்கலாம். நைட்ரஜன் கலந்த கழிவுநீரை மண் கழுவப் பயன்படுத்துவதைவிட, கிடைக்கும் கொஞ்ச நல்ல நீரை அதற்கென்று ஒதுக்குவது உத்தமம். கோடையில் கழிவுநீர் முழு அளவு, பருவ முடிவில் கால்வாய் நீரில் ஒரு கழுவல் என்று கலந்து ஆள்வதுதான் நான்கு வரிசைகளையும் பார்த்தபின் எனக்குத் தோன்றும் முறை. சிக்கனம் செய்ய வேண்டியது நல்ல நீரில், உவர்நீரில் அல்ல. நல்லது அரிது, விலை கூடியது, குறைத்தாலும் திரும்பி வரும்போது மரம் நிமிர்ந்துகொள்ளும்.

தாகத்தைக் கருவியாக்கும் வேறு ஊர்களையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். சிசிலியில் ஜூன், ஜூலையில் எலுமிச்சை மரத்தை இலை சுருளும்வரை வாட்டி, பிறகு தண்ணீரும் உரமும் கொடுத்து ஆகஸ்ட், செப்டம்பரில் பூக்க வைப்பார்கள். அடுத்த கோடையில் பச்சைத் தோலோடு வரும் அந்தக் காய்க்கு வெர்தெல்லி என்று பெயர். விதர்ப்பாவில் நாக்பூர் ஆரஞ்சுக்கு டிசம்பர், ஜனவரியில் நீரை நிறுத்தி அம்பியா பூப்பையும், மே மாதத்தில் நிறுத்தி மிருக் பூப்பையும் வரவழைக்கிறார்கள். இவை காய்க்குக் கொடுக்கும் தாகமல்ல, பூவுக்குக் கொடுக்கும் தாகம். மரத்தில் காய் இருக்கும்போது கொடுக்கும் தாகத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

நம் எலுமிச்சைத் தோட்டத்தில்

புளியங்குடிப் பக்கமோ திண்டுக்கல் பக்கமோ கிணற்றையும் ஆழ்துளையையும் நம்பி எலுமிச்சை வைத்திருப்பவருக்கு இந்த ஆய்வை அப்படியே கொடுக்க முடியாது. முதல் தடை வேர். நம்மூரில் எலுமிச்சை பெரும்பாலும் விதைக் கன்று. பழமும் வேரும் ஒரே ரகம், அதுவும் உப்பைத் தாங்காத ரகம். மேக்ரோபில்லா செய்த காவல் இங்கே கிடையாது. புதிதாகத் தோட்டம் போடுகிறவர் தண்ணீர் உவராக இருந்தால் ரங்பூர் எலுமிச்சை வேரில் கட்டிய ஒட்டுக்கன்றைக் கேட்டு வாங்கலாம்; நின்றுவிட்ட தோட்டத்தில் வேரை மாற்ற முடியாது.

நமக்குச் சாதகம் மழை. முர்சியா ஆண்டு முழுவதும் பெறுவதை நம் வடகிழக்குப் பருவம் சில வாரங்களில் கொடுத்துவிடும். நீர் வடியும் மண்ணாக இருந்தால் வளையங்கள் கரைந்து ஆழத்துக்குப் போகும். பாதகம் காலம். கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்கப் பல கிணறுகளில் உப்பு ஏறுகிறது. எலுமிச்சை விலை ஏறும் மாதங்களும் அவையே. தண்ணீர் பற்றாமல் முறை வைத்துப் பாய்ச்சும் மாதங்களும் அவையே. நான்காவது வரிசையை யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் அது தானாக வந்துவிடுகிறது.

அந்த நேரத்தில் எல்லா மரத்துக்கும் அரைகுறையாகப் பாய்ச்சுவதைவிட, காய் பிடித்த மரங்களுக்கு முழுதாகக் கொடுத்து, வயதான, காய்ப்பு ஓய்ந்த வரிசைகளைக் கைவிடுவது மேல். மரத்தடியில் மூடாக்குப் போட்டால் மண் காய்வதும் உப்பு கெட்டிப்படுவதும் தள்ளிப்போகும். நீரை இலை மேல் படத் தெளிக்கக் கூடாது. வேர் தடுக்கும் குளோரைடை இலை நேராகக் குடித்துவிடும். ஆய்வுக் கூடத்துக்குத் தண்ணீர் அனுப்பும்போது தை மாதத்தில் பாட்டிலை நிரப்பிக் கொடுத்துவிட்டு நல்ல அறிக்கை வந்தது என்று இருந்துவிடாமல், சித்திரைக் கடைசியில் இன்னொரு பாட்டில் நிரப்ப வேண்டும். போரானையும் பார்க்கச் சொல்லிக் கேட்டு எழுத வேண்டும், சாதாரண அறிக்கையில் பெரும்பாலும் அது இருக்காது. மோட்டார் போட்டவுடன் வருவதைப் பிடிக்காமல் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும்.